பட்டியலில் விடுபட்ட ஆண்டு

2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கத் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது, நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய எங்கள் சிறுபத்திரிகையும் அவசர அவசரமாக ஒரு சிறப்பிதழ் போட்டது. நடுப்பக்கத்தில் காலவரிசை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி, 1956இல் நாக்பூரில் அம்பேத்கர், 1981இல் மீனாட்சிபுரம். கச்சிதமாக வந்திருக்கிறது என்று எங்களுக்குள் மெச்சிக்கொண்டோம்.

1898 அதில் இல்லை.

அந்த ஆண்டில்தான் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்புக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். நாக்பூருக்கு 58 ஆண்டுகள் முன்னால். அவர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கியது ராயப்பேட்டையில். அலுவலகம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட மாடியறையும் அதே ராயப்பேட்டையில்தான் இருந்தது.

தெரியாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய எழுத்துகள் 1999இலேயே பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பெருந்தொகுதிகளாக வந்துவிட்டன. வாங்கியும் வைத்திருந்தோம். மதிப்புரைக்கென்று ஒருவர் கொண்டுபோனார். மதிப்புரையும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது யோசித்தால், அவரை எந்தப் பத்தியில் வைப்பது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது. மதமாற்றம் என்றாலே, வெளியிலிருந்து ஒருவர் வந்து மாற்றுவது, இல்லையென்றால் அவமானம் தாளாமல் வெளியே போவது. இந்த இரண்டு கதைகள்தான் எங்களிடம் இருந்தன. அவமானம் அவருக்கும் நேர்ந்தது. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்கள் மக்களை விடக்கூடாதா என்று கேட்டவருக்கு, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. ஆனால் அவர் அங்கிருந்து நகர்ந்த விதம் வேறு. பறையர் என்று தள்ளப்பட்டவர்கள் ஆதியில் பௌத்தர்கள், பௌத்தத்தை விடாததாலேயே தாழ்த்தப்பட்டார்கள், ஆகவே இது மாறுவதல்ல, திரும்புவது என்றார். நிகண்டுகளிலும் பழைய நூல்களிலும் கார்த்திகை தீபத்திலும் தீபாவளியிலும் அதற்குத் தடயம் தேடினார்.

அவருடைய சொல்லாராய்ச்சி பல இடங்களில் நிற்காதுதான். அதைச் சொல்லியே மொத்த மனிதரையும் ஓரங்கட்டினோம். அதே மாதிரிச் சொல்லாராய்ச்சியை மற்ற பண்டிதர்கள் செய்தபோது அதற்குத் தமிழ்ப்பற்று என்று பெயர் வைத்தோம். இதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காலவரிசையில் விட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்று. சங்கம் சென்னையோடு நிற்கவில்லை. பெங்களூர், திருப்பத்தூர், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், கடல் கடந்து ரங்கூன், டர்பன் வரை கிளைகள் இருந்தன. சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளிகள் பத்திரிகைக்குச் சந்தா கட்டினார்கள். 1914இல் அவர் மறைந்த பிறகும், 1920களின் பிற்பகுதியில் ஜி. அப்பாதுரையார் கோலாரிலிருந்தே ‘தமிழன்’ இதழை நடத்தினார். பிழைக்கப் போன இடத்தில் ஒரு சமயத்தையே நடத்திக் காட்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூட எங்கள் இதழில் கிடையாது.

இதழ் வெளியான மூன்றாம் வாரம் கோலாரிலிருந்து ஓர் இன்லேண்ட் கடிதம் வந்தது. தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், வீட்டுக் கல்யாணங்கள் பஞ்சசீலம் சொல்லித்தான் நடந்தன என்று எழுதியவர், எங்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டிருந்தார். கோபமே இல்லாத கடிதம். இடமில்லை என்று அடுத்த இதழுக்குத் தள்ளினோம். அந்த இதழிலும் வரவில்லை. அதற்கடுத்த இதழே வரவில்லை.

கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் முகவரி, கதவு எண் உட்பட, முத்து முத்தாக எழுதியிருந்தது.