வீட்டு வழங்கிக்கும் ஒரு வாசல் வேண்டும்

உலகின் முதலாவது இணையத்தள வழங்கி, சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்னர்ஸ் லீயின் மேசைமீது இருந்த ஒரு கணனியே. 1990இல் இயங்கத் தொடங்கிய அக்கணனியில், இது வழங்கி என்பதால் இதனை நிறுத்திவிட வேண்டாம் என்று கையால் எழுதப்பட்ட எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தது. மேசைமீதுள்ள கணனி வாசிக்கவும் செய்யலாம், வெளியிடவும் செய்யலாம் என்பதே இணையத்தின் ஆரம்ப இயல்பு. இன்று நமது வீட்டுக் கணனிகள் அதனைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தவை. ஆயினும் வெளியுலகம் அவற்றை எட்ட முடிவதில்லை.

காரணம் முகவரிப் பஞ்சம். பழைய ஐபி முறையில் உள்ள முகவரிகள் சுமார் 430 கோடி மாத்திரமே. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு பொது முகவரி தரப்பட்டு, 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகளை ரவுட்டர் வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பங்கிட்டு வழங்குகிறது. உள்ளிருந்து வெளியே செல்லும் கோரிக்கையை அது குறித்து வைத்து, அதற்கான பதிலை மட்டும் உள்ளே விடுகிறது. வெளியிலிருந்து தானாக வருபவர் யாரைத் தேடி வந்தார் என்பது அதற்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடும். நாட் எனப்படும் இம்முறை, 1994இல் குறுகியகால ஏற்பாடு என்றே முன்வைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அது நீடிக்கிறது.

வாசலைத் திறப்பது கடினமன்று. வழங்கியாக இயங்கும் கணனிக்கு மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும். 80, 443 ஆகிய போர்ட்களுக்கு வருவோரை அம்முகவரிக்கு அனுப்புமாறு ரவுட்டருக்குக் கட்டளையிட வேண்டும். பொது முகவரி அடிக்கடி மாறுமாயின், மாற்றத்தை உடனுக்குடன் பதியும் டைனமிக் டிஎன்எஸ் சேவை வேண்டும். பின்னர் கைத்தொலைபேசியில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டா வழியாகச் சோதிக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்தே சோதித்தால் சில ரவுட்டர்கள் தவறான முடிவைக் காட்டும்.

இவ்வளவும் செய்தும் பயன் இல்லையெனில், ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணையச் சேவை நிறுவனமே பல வீடுகளை ஒரு பொது முகவரிக்குள் அடைத்திருக்கிறது என்று பொருள். வாசலை உங்கள் வீட்டில் திறந்தாலும், தெருமுனையில் இன்னொரு பூட்டுத் தொங்குகிறது. அதன் சாவி உங்களிடம் இல்லை. உள்ளிருந்து வெளியேயுள்ள ஒரு வழங்கிக்குச் சுரங்கவழி அமைத்து, வருவோரை அவ்வழியே அழைக்கலாம். பலருக்கு அதுவே போதும். ஆனால் அந்த வழியும் இன்னொருவரின் தயவில் உள்ளது.

இலவசத் தளங்கள் இருக்க இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள், ஜியோசிட்டீஸை நினைத்துப் பார்க்க வேண்டும். 2009 ஒக்ரோபரில் யாகூ அதனை மூடியபோது, சாதாரண மக்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த பக்கங்கள் மறைந்தன. தன்னார்வலர்கள் பிரதியெடுத்தவை மாத்திரமே எஞ்சின. பல நாடுகளில் சிதறி வாழும் நம்மவர்களின் குடும்ப வரலாறுகளும் ஊர்ப் படங்களும் இத்தகைய இரவல் இடங்களிலேயே இன்றும் கிடக்கின்றன.

வாசலைத் திறப்பவருக்குக் காவற்கடமையும் உண்டு. தேவையான போர்ட்களைத் தவிர வேறெதையும் திறக்கலாகாது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை ஒருபோதும் வெளியே காட்டலாகாது. தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மாற்றாதிருந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியே 2016இல் மிராய் தாக்குதல் நடந்தது. ஆனால் திருடருக்கு அஞ்சி வாசலே இல்லாத வீட்டை யாரும் கட்டுவதில்லை.

நிரந்தரத் தீர்வு புதிதன்று. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரவல்ல ஐபிவி6 முறை 1990களிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதனை வீட்டு இணைப்புகள் அனைத்திற்கும் வழங்குவதும், பொது முகவரி தரப்படுகிறதா இல்லையா என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாகச் சொல்வதும் சேவை நிறுவனங்களின் கடமையாகும். வாடிக்கையாளர்கள் இணைப்பைப் பெறுமுன் இவ்விரு கேள்விகளையும் கேட்கட்டும். வேகத்தை மட்டும் கேட்டு வாங்குபவருக்கு, பிறர் வெளியிடுவதை வாசிக்கும் இணைப்பு மாத்திரமே கிடைக்கும்.