ஊஞ்சல் பலகைக்கு எந்தப் பூச்சு?

செம்பூரில் எங்கள் பால்கனியில் ஆடும் தேக்கு ஊஞ்சல், கும்பகோணத்தில் என் தாயார் கல்யாணத்தில் அமர்ந்த பலகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைச்சாரல்; மற்ற மாதங்களில் மேற்கு வெயில். பலகை வெளுக்கவே, கண்ணாடி போன்ற வார்னிஷ் பூசினேன். இரண்டாவது மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது.

நிறமற்ற பூச்சைத் தாண்டிப் புற ஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்கிறது; பூச்சின் பிடி தளர்கிறது. விரிசலில் நீர் புகுந்தால் வெளியேற வழியில்லை.

ஆகவே, வெயிலும் மழையும் படும் மரத்துக்கு, மேலே படலமாக நிற்கும் வார்னிஷைவிட உள்ளே ஊறும் எண்ணெய்ப் பூச்சே மேல் என்பது என் தாழ்மையான கருத்து. புற ஊதாத் தடுப்பும் பூஞ்சைத் தடுப்பும் உண்டா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். அது சீக்கிரம் தேயும், ஆனால் உரியாது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்தாக நின்றால் சரி, மரம் உறிஞ்சினால் துடைத்துவிட்டு, நன்கு காய்ந்தபின் மறுபடி பூசலாம். எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பற்றக்கூடும்.

உரிந்த வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்தபோது, அம்மாவின் வெற்றிலைப் பெட்டி பதித்திருந்த தடமும் சேர்ந்து போயிற்று. உங்கள் வீட்டுப் பலகையிலாவது அத்தகைய தடங்கள் நிலைக்கட்டும்.