ஆட்டிசக் குழந்தையும் எல்லையோர அங்கன்வாடியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசித்து வருகின்றன. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அன்று போட்ட கோட்டின் பலனை இன்று மூன்று வயதுக் குழந்தையும் அனுபவிக்கிறது. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம்.

பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஆட்டிசம் எனப்படும் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தையின் நிலை வேறு. அழைத்தால் திரும்பாது, பிற குழந்தைகளோடு சேராது. "மலையாளம் புரியவில்லை, போகப் போகச் சரியாகும்" என்று டீச்சரும் பெற்றோரும் இருந்துவிட்டால் அருமையான காலம் வீணாகிவிடும்.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் எதையும் விரலால் சுட்டிக் காட்டாதது ஆகியவை எம்மொழிக்கும் பொதுவான அறிகுறிகள். இவை தென்பட்டால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தைகள் வளர்ச்சி மையத்தை அணுகலாம். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி யாரேனும் கூறினால் அதற்கு ஆதாரமில்லை. இரு மொழிச் சூழல் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு.

வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையை முரண்டு என்று அதட்டிப் பயனில்லை. இரைச்சலோ, முன்னறிவிப்பின்றி மாறிய வேலையோ காரணமாக இருக்கலாம். அலறலுக்குச் சற்று முன் என்ன நடந்தது என்று நாள்தோறும் குறித்துவந்தால் காரணம் பிடிபடும். தினமும் ஒரே இடத்தில் உட்காரவைப்பது, சந்தடியில்லாத ஒரு மூலையை ஒதுக்குவது, பாட்டு, கஞ்சி, உறக்கம் என்று அடுத்து வருவதைப் படம் காட்டித் தெரிவிப்பது ஆகியவை பலன் தரும். செலவு ஓர் அட்டையும் பென்சிலும்தான். "தண்ணி" மட்டுமே அறிந்த குழந்தைக்கு "வெள்ளம்" புரியாமல் போகலாம். தம்ளர் படம் புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆனால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாதிப்புள்ளோருக்கு அது தரும் இலவசக் கல்வி உரிமை 6 வயது முதல் 18 வரைதான். மொழிச் சிறுபான்மையினருக்குத் தாய்மொழிக் கல்வி வசதி கோரும் அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் ஆரம்பப் பள்ளியிலிருந்தே பேசுகிறது. உதவி தேவைப்படுவதோ 3 வயதில்! இரண்டு பாதுகாப்புக்கும் வெளியே நிற்கிறது இந்தக் குழந்தை.

2023 நவம்பரில் மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிதல், மற்றக் குழந்தைகளோடு சேர்த்துப் பயிற்றுதல், உரிய இடத்துக்கு அனுப்புதல் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. நல்ல தொடக்கம், ஆனால் இது நெறிமுறையே தவிர உரிமை அல்ல.

எல்லையோர அங்கன்வாடிகளில் இரு மொழியும் அறிந்த ஊழியர்களை நியமித்து, அவர்களுக்கு இதில் பயிற்சியளிக்க அரசு ஆவன செய்ய வேண்டும். அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை வீட்டில் பேசும் பத்துத் தமிழ்ச் சொற்களையும், அது எதைக் கண்டு மிரளும் என்பதையும் ஒரு தாளில் எழுதி நாளையே டீச்சரிடம் கொடுக்கலாம். அந்தத் தாள் அரசாணைக்கு முன்பே பயன் தரும்.