துடும்பு கேட்ட காதுக்கு மெட்டல் அந்நியமா?

ஹெவி மெட்டல் என்றாலே 'வெறும் இரைச்சல்' என்று முகம் சுளிப்பவர்கள் கோவையில் இன்றும் உண்டு. மாரியம்மன் நோம்பியில் துடும்பு மேளம் அதிரும்போது இதே ஊர்தான் தெருவில் இறங்கி ஆடுகிறது.

அப்படி முகம் சுளிப்பவர்கள் சிங்கப்பூரின் 'ருத்ரா' என்ற டெத் மெட்டல் குழு 2005இல் வெளியிட்ட 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' ஆல்பத்தை ஒருமுறையாவது கேட்க வேண்டும். 1992இல் தொடங்கிய இக்குழுவின் முதல் ஆல்பம் வெளிவர 1998 ஆகிவிட்டது. பேஸ் கிட்டார் வாசித்தபடியே பாடும் கதிர், வேதாந்தம் பயின்றவர். அடிவயிற்று உறுமலில் அவர் எழுப்புவது உபநிடதங்களின் ஆதிக் கேள்வி: 'நான் யார்?' டிரம்ஸ் தலைதெறிக்க ஓடுகிறது, கிட்டார் கனத்து இறங்குகிறது, இடையே வடமொழிச் சுலோகம் நிதானமாக ஒலிக்கிறது. ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதே வரிசையில் 2009இலும் 2011இலும் மேலும் இரண்டு ஆல்பங்கள் வந்தன.

வேதப் பொருளை டெத் மெட்டலில் பாடலாமா?

தாராளமாகப் பாடலாம். மேலோட்டமாக மந்திரத்தை ஒட்டவைத்த வேலை அல்ல இது. படித்து, உள்வாங்கி, அதற்கேற்ற ஒலியைத் தேடிய உழைப்பு. சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தோடு இந்த இசைக்குள்ள உறவைப் பற்றி ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் 2009இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

ருத்ரா தன் ஒலியைத் தானே தேடியது; நம் கல்லூரி விழாக்களிலோ ராக் குழுக்கள் பெரும்பாலும் பிறர் பாடல்களைத்தான் வாசிக்கின்றன. சொந்தப் பாடல் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கோவைக் கல்லூரிகள் அரை மணி நேரமாவது ஒதுக்கட்டும். அதே மேடையில் ஒரு துடும்புக் குழுவையும் ஏற்றட்டும்.