மீட்டரோடு கழற்றப்படுவது எது?

சுழலும் தட்டு கொண்ட பழைய மின்மீட்டர் வீட்டுச் சுவர்களிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்த மின்னணு மீட்டருக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. கேரளத்தில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வரும் ஊழியரும், அவர் கைக்கருவியிலிருந்து கிழித்துத் தரும் பில்லும் அதோடு சேர்ந்தே மறையக்கூடும். ஸ்மார்ட் மீட்டரே தீயது என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. மாலை நேரத்தில் மின்தேவை உச்சத்தைத் தொடும் கேரளத்தில், நேரவாரியான கணக்கு பயனுள்ளதே. அதை யார் பொருத்துகிறார்கள், யார் பணத்தில், யார் கட்டுப்பாட்டில் என்பதில்தான் தகராறு.

2021இல் ஒன்றிய அரசு ரூ.3,03,758 கோடி மதிப்பில் மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. நாடெங்கும் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள் என்பது இலக்கு. நிதியுதவியோ ‘டோடெக்ஸ்’ முறையோடு பிணைக்கப்பட்டது. இம்முறையில் தனியார் நிறுவனம் மீட்டரைப் பொருத்தி, பல ஆண்டுகள் இயக்கி, மீட்டருக்கு இவ்வளவு என மாதந்தோறும் வசூலித்துக்கொள்ளும். அந்தச் செலவு கடைசியில் கட்டணம் செலுத்துவோர் தலையில்தான் விடியும்.

திருவனந்தபுரம் பட்டத்தில் உள்ள மின்வாரியத் தலைமையகமான வைத்யுதி பவனத்தின் ஊழியர் சங்கங்கள் இதனை உறுதியாக எதிர்த்தன. 2023இல் இடது ஜனநாயக முன்னணி அரசு டோடெக்ஸைக் கைவிட்டது. மென்பொருளை வாரியமே உருவாக்குவது, அரசின் கே-ஃபோன் கண்ணாடியிழை வலையமைப்பைப் பயன்படுத்துவது, முதற்கட்டத்தில் தொழில், வணிக இணைப்புகளை எடுத்துக்கொள்வது என மாற்றுவழி வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2024 டிசம்பரில், சென்னை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களுக்கான ஸ்மார்ட் மீட்டர் டெண்டர் ரத்தானது. அதில் மிகக் குறைந்த விலை கேட்டிருந்தது அதானி நிறுவனம். அந்த விலையே அதிகம் என்றுதான் டெண்டர் கைவிடப்பட்டது!

புதியது நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பிரிட்டனில் பொருத்தப்பட்ட முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்களில் பல, நுகர்வோர் மின்நிறுவனத்தை மாற்றியதுமே தம் ‘புத்தியை’ இழந்து வெறும் மீட்டர்களாயின. அங்கு 2ஜி அலைவரிசை 2033க்குள் நிறுத்தப்படவுள்ளதால், அதை நம்பியுள்ள தொடர்புக் கருவிகளையும் மாற்றியாக வேண்டும். அந்தச் செலவை மறுபடியும் யார் சுமப்பது?

இவையனைத்தினும் பெரியது வேறொன்று. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தத் தவறியவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்துபூர்வ அறிவிப்புத் தரவேண்டும் என்கிறது. கூலி கிடைக்காத வாரத்தில் தொழிலாளியின் வீட்டில் விளக்கு எரிவது இந்த அவகாசத்தால்தான். கேட்டுப் பார்க்க, கெஞ்சிப் பார்க்கக்கூட ஒரு மின்வாரிய ஊழியர் எதிரே இருந்தார். முன்பணம் தீர்ந்ததும் தொலைவிலிருந்து தானே அணையும் மீட்டரில் அந்த 15 நாட்கள் எங்கே வைக்கப்படும் என்பதை, வீட்டு இணைப்புகளின் பக்கம் திட்டம் திரும்பும் முன் எழுத்தில் வாங்கியாக வேண்டும். கணக்கெடுக்கும் ஒப்பந்த ஊழியர்களின் மாற்றுப்பணியையும் அதே தாளில்.