கோட்டைக்குள் ஊர் எங்கே?

சென்னையின் வரலாற்றைப் பார்க்கணும் என்று வெளியூரிலிருந்து யாராவது வந்தால் நாம் கைகாட்டுவது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தைத்தான். நானும் பலரைக் கூட்டிப் போயிருக்கிறேன். போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே எரிச்சல்: அங்கே கம்பெனி இருக்கிறது, ஊர் இல்லை.

கட்டடம் 1795-இல் எழுந்தது. வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய இடம். 1948-இல் அருங்காட்சியகமானது. வாளும் துப்பாக்கியும், பதக்கம், நாணயம், பீங்கான் தட்டு, கவர்னர்களின் ஆளுயர ஓவியங்கள் எல்லாம் உண்டு. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடியும் இருக்கிறது. அதற்காக மட்டுமே ஒருமுறை போகலாம். ஆனால் உள்ளே நுழைந்ததும் உங்களை வரவேற்பவர் காரன்வாலிஸ். பளிங்கில் நிற்கிறார். அவர் காலடியைக் கவனியுங்கள்: திப்புவின் இரண்டு பையன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியைப் பீடத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1792-இல் நடந்தது. அப்பன் தோற்றதற்குப் பிள்ளைகளைப் பிடித்து வைத்ததை ஒரு பெருமையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாமும் இருநூறு வருஷம் கழித்து அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம்.

"அது கோட்டை மியூசியம்யா. அங்க போய் ஊரைத் தேடினா எப்படி?" என்றார் நண்பர் ஒருவர். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். கோட்டையின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டாலே அந்த நியாயம் நிற்காது. கம்பெனி 1639-இல் இங்கே இடம் வாங்கியது துணிக்காக. அந்தத் துணியை நெய்தவர்கள், சாயம் போட்டவர்கள், பேரம் பேசிய துபாஷிகள் எல்லோரும் கோட்டைச் சுவரை ஒட்டி வடக்கே குடியிருந்தார்கள். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் கருப்பர் நகரம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊரைத் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் தரைமட்டமாக்கினார்கள். பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமே! சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. பிறகு பூக்கடைப் பக்கம் வேறு இடத்தில் எழுந்தது. இன்றைக்கு உயர்நீதிமன்றம் இருப்பது அந்தக் காலிசெய்த மண்ணில்தான். அங்கே தினம் ஜாமீனுக்கு அலைகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

இதைத்தாண்டி யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. ஒரு ஊரை அழித்ததற்கு மிஞ்சிய சாட்சி அது. பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம் அதை உரசிக்கொண்டு போகிறது. கோட்டையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் அருங்காட்சியகம், அந்தப் பாதுகாப்புக்கு யார் வீடு விலையாகப் போனது என்று சொன்னால் கோட்டையின் கதை கெட்டுவிடுமா என்ன?

இன்னொன்று. பட்டாளத்துச் சீருடைகளை அழகாகக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்குக் காக்கி நெய்து கொடுத்தது கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெரம்பூர்ப் பக்கம் இருந்த பின்னி ஆலை. அந்தத் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. நாட்டின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று. 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஆலை நிர்வாகம் சாதியை வைத்துத் தொழிலாளிகளைப் பிரித்தது, புளியந்தோப்பு பற்றி எரிந்தது. இந்த நகரம் இன்றைக்கும் வடக்கு, தெற்கு என்று இரண்டாகக் கிடப்பதற்கு அந்தக் கதைக்குள்ளும் காரணம் இருக்கிறது. சீருடை உண்டு, அதை நெய்த கை இல்லை என்றால் அது யாருடைய வரலாறு?

காரன்வாலிஸை உடைக்கச் சொல்லவில்லை. இருக்கட்டும், நன்றாகத் துடைத்தே வையுங்கள். அந்தப் பையன்கள் யார், ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று தமிழில் நாலு வரி எழுதுங்கள். இடிபட்ட கருப்பர் நகரத்தின் வரைபடம் ஒன்றைத் தரையில் பெரிசாக வரைந்துவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன்மேல் நடந்து பார்ப்பார்கள். ஒரு தறி நாடா, ஒரு சங்க ரசீதுப் புத்தகம் வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி போதும். இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பீங்கான் தட்டுகளில் பாதியை உள்ளே எடுத்து வைக்கலாம்.