இளையர் மாயாஜாலக் கதைகள்: பெற்றோரும் படிக்கலாம்

அமெரிக்க அரசாங்கப் பள்ளிகளில் 2023-24 கல்வியாண்டில் மட்டும் 10,046 முறை நூல்களுக்குத் தடை விதிக்கப்பட்டதாக ‘பென் அமெரிக்கா’ அமைப்பு பதிவுசெய்துள்ளது. பாலின அடையாளத்தையும் ஒருபாலினக் காதலையும் பேசும் இளையர் நூல்களுக்கு அதில் கணிசமான பங்குண்டு.

பேய், மந்திரம், சாகசம் என்று விரியும் கதைகளில் இவற்றுக்கு என்ன வேலை? எய்டன் தாமஸ் எழுதி 2020ல் வெளிவந்த ‘செமட்டரி பாய்ஸ்’ நாவலைப் பார்த்தால் புரியும்.

கதை லாஸ் ஏஞ்சலிசில் நடக்கிறது. மந்திர சக்தி கொண்ட ஒரு லத்தீன் அமெரிக்கச் சமூகத்தில் ஆண்கள் ஆவிகளை மறுமைக்கு வழியனுப்புவர். பெண்கள் நோய் தீர்ப்பர். பிறப்பில் பெண் எனப் பதிவான யாத்ரியேல் ஒரு திருநம்பி. ஆண்களுக்குரிய சடங்கைக் குடும்பம் அவனுக்கு நடத்த மறுக்கிறது. அவனே ரகசியமாக நடத்துகிறான், சடங்கு பலிக்கிறது. பிறகு அவன் வரவழைத்த ஆவி, அவன் பள்ளியில் படித்த ஓர் இளைஞன். இருவருக்கும் இடையே காதல் மலர்கிறது.

நிஜ வாழ்க்கையில் முடிவின்றி நீளும் வாக்குவாதத்துக்கு, கதைக்குள் மந்திரமே பதில் சொல்லிவிடுகிறது. மாயாஜாலக் கதையால்தான் இது முடியும். ஆனால், குடும்பத்தினர் கொடியவர்களாகக் காட்டப்படவில்லை. பாசமுள்ளவர்கள்தான், அவனை மகனாக ஏற்கத் தடுமாறுகிறார்கள். பாசம் இருந்தும் ஏற்பு இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை எப்படி வாழும் என்பதே நாவலின் மையம்.

பெற்றோரின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. எந்த வயதில், யார் வழியாக இதைப் பிள்ளை அறிய வேண்டும் என்பது நியாயமான கேள்வி. சமய நம்பிக்கை காரணமாக, இத்தகைய கதைப்புத்தகங்கள் வாசிக்கப்படும் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு விலக்கு கேட்ட மேரிலாந்துப் பெற்றோருக்குச் சாதகமாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது.

சிங்கப்பூரும் இதைக் கண்டிருக்கிறது. 2014ல் தேசிய நூலக வாரியம் சிறுவர் பகுதியிலிருந்து மூன்று நூல்களை அகற்றியது. சர்ச்சைக்குப் பிறகு இரண்டு நூல்கள் பெரியவர் பகுதிக்கு மாற்றப்பட்டன. மூன்றாவது அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது.

அவை மழலையருக்குப் பெரியவர்கள் வாசித்துக்காட்டும் படநூல்கள். பதினாறு வயது இளையர் தமக்கான நூலைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். நூலகத்தில் இல்லாவிட்டால் கைப்பேசியில் தேடிக்கொள்வார். அந்த வயதில், புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைவிட அதைப் பற்றி வீட்டில் பேச முடிகிறதா என்பதே முக்கியம். பிள்ளை படிக்கும் நாவலைப் பெற்றோரும் ஒருமுறை படித்துவிட்டால், உடன்பட்டாலும் மறுத்தாலும், அந்தப் பேச்சைத் தொடங்க முடியும்.